புது கம்மோட்: பீஸில் கோளாறா, ஃபிட்டிங்கில் கோளாறா?

“சார், பீஸே டிஃபெக்ட்” என்பார் பிளம்பர். கடைக்குப் போன் போட்டால், “பீஸ்ல ஒண்ணும் இருக்காதுண்ணே, ஃபிட்டிங்ல பாருங்க” என்று பதில் வரும். இரண்டு பேரும் கற்பூரம் அணைக்காத குறை. நடுவில் பில்லைக் கையில் பிடித்தபடி வீட்டுக்காரர். பாத்ரூமில் பாதி இறக்கிய கம்மோட், சட்டியில் இறுகத் தொடங்கிவிட்ட ஒயிட் சிமென்ட். “சரி, வச்சுடுங்க, பிறகு பாத்துக்கலாம்” என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவது இந்த இடத்தில்தான். அதோடு கடைக்காரரின் பொறுப்பு முடிந்தது. சிமென்ட் ஒட்டிய பீங்கானை எந்தக் கடையும் சந்தோஷமாகத் திரும்ப எடுத்ததில்லை.

மதுரைப் பக்கம் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். புது கம்மோட்டைப் பற்றி வரும் புகார்களில் பாதிக்கு மேல் பீஸின் குற்றமே இல்லை. தரை, பைப், தண்ணீர் என்ற மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மீதி நிஜமாகவே பீஸின் குற்றம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரசமட்டம், டேப், டார்ச், ஒரு வாளி தண்ணீர், பென்சில், சொட்டு நீலம், ஊதுபத்தி போதும்.

பீங்கான் ஏன் கோணிக்கொள்கிறது என்று தெரிந்தால் எதைத் தேடுகிறோம் என்பது புரியும். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் கலந்த குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்து, உலர்த்தி, கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு அடித்து, ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். உலர்ந்து சுட்டு வருவதற்குள் பீஸ் 10 முதல் 12 சதவீதம் வரை சுருங்குகிறது. இவ்வளவு பெரிய பொருள், ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிவு, உள்ளே வளைந்து போகும், தண்ணீர் தேங்கி நிற்கும் குழாயான டிராப். இத்தனையும் ஒரே சீராகச் சுருங்கினால்தான் அதிசயம். அதனால் அடிப்பாகம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருப்பதைக் குறை என்று சண்டை போட முடியாது. விரிசல், டிராப்பில் அடைப்பு, கோணிப்போன அவுட்லெட் ஆகியவற்றுக்குச் சண்டை போடலாம், போடவும் வேண்டும்.

சிமென்ட் கலக்கும் முன்: செங்கல் மேல் ஒரு இரவு

கீழே சொல்லப்போகும் பாதி அறிகுறிகளுக்கு இந்த ஒரு சோதனையே பதில் சொல்லிவிடும். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன். பீஸை பாத்ரூமுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளியே, வெளிச்சமான இடத்தில், இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, மேலே கோணிச் சாக்கு விரித்து, அதன்மேல் வையுங்கள். டேங்கும் கிண்ணமும் ஒன்றாகவே வரும் சிங்கிள் பீஸ் மாடல் என்றால் தூக்க இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். டேங்கைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடிப்பாகத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே தட்டிப் பாருங்கள். விரல் முட்டியாலோ ஒரு ரூபாய்க் காசாலோ விளிம்பு, கிண்ணம், டேங்க், அடிப்பாகம் என்று வரிசையாகத் தட்டுங்கள். நல்ல பீங்கான் கணீரென்று மணி போலச் சொல்லும். விரிசல் இருக்கும் இடத்தில் ஓட்டைப் பானையைத் தட்டியது போல “டொக்” என்று செத்த சத்தம் வரும். விருத்தாசலம் பக்கம் பீங்கான் வேலை பார்த்த பெரியவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். நமக்கு அந்தக் காது இல்லாவிட்டாலும், ஒரு இடத்துச் சத்தத்தை அதே போன்ற எதிர்ப்பக்க இடத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். தரையில் நேராக வைத்துத் தட்டினாலோ, உள்ளே தண்ணீரோடு தட்டினாலோ நல்ல பீஸும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

அடுத்தது தண்ணீர். ரசமட்டம் வைத்து விளிம்பை மட்டம் பார்த்து நிறுத்தி, அவுட்லெட்டுக்கு அடியில் வாளி வைத்துவிட்டு, டிராப் நிரம்பி வழியும்வரை கிண்ணத்தில் ஊற்றுங்கள். வழிவது நின்றதும் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு டவராவிலும் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. இரவு முழுவதும் விடுங்கள். வெயில் காலத்தில் ஆவியாகிப் போவது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். டவராவில் ஒரு நூல் இறங்கி, கம்மோட்டில் ஒரு விரல் இறங்கியிருந்தால் பீஸ் எங்கோ ஒழுகுகிறது. சாக்கு எங்கே ஈரமாக இருக்கிறது என்று பார்த்தால் இடமும் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் பிளம்பர் காத்திருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். அவர் வருவதற்கு முந்தின நாள் நீங்களே செய்துவிட வேண்டியதுதான்.

வைத்தால் ஆடுகிறது

தரையில் வைத்து, எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தினால் தடக், தடக் என்கிறது. பிளம்பர் உடனே பீஸைக் குறை சொல்வார். டைல்ஸ் போட்டவர் அவர் மச்சானாக இருந்தால் இன்னும் வேகமாகச் சொல்வார்.

பீஸை அதே இடத்தில் 90 டிகிரி திருப்பி, முன்பக்கம் பக்கவாட்டில் வருமாறு வையுங்கள். பைப் வாய் குறுக்கே வந்தால் அதே பாத்ரூமில் ஒரு அடி தள்ளி வைத்துத் திருப்பலாம். முதலில் பீஸின் இடது முன்மூலை தூக்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். திருப்பிய பிறகும் அதே மூலைதான் தூக்குகிறது என்றால் கோணல் பீஸில். தரையின் அதே இடத்தில் இப்போது வேறு மூலை தூக்குகிறது என்றால் கோணல் தரையில். இரண்டும் கலந்தும் இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் பீஸைச் சமையல் மேடைக்கு வாங்கிய கிரானைட் பலகைமேல் வைத்துப் பாருங்கள். வீட்டு வேலை நடக்கும் இடத்தில் அதைவிட மட்டமான பரப்பு வேறு கிடைக்காது.

பீஸில்தான் கோணல் என்று தெரிந்தால், அந்த இடைவெளியில் பத்து ரூபாய் நாணயத்தைச் செருகிப் பாருங்கள். ஒரு நாணயம் சிரமப்பட்டு நுழைகிறதென்றால் நான் விட்டுவிடுவேன். பிளாஸ்டிக் ஆப்பு வைத்து, சுற்றிலும் சிலிக்கான் அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். இரண்டு நாணயம் சேர்ந்து தாராளமாக நுழைந்தால் மாற்றித்தான் தர வேண்டும். ஏனென்றால் அந்த இடைவெளியோடு ஸ்குரூவை முடுக்கினால் பீங்கான் வளையாது, உடையும். அன்றே உடையாவிட்டாலும் ஆள் உட்கார்ந்து எழுந்து ஆறு மாதத்தில் உடையும்.

ஸ்குரூ முடுக்கும்போது இடது கொஞ்சம், வலது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். வாஷர் பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆட்டத்தை நிறுத்துவது ஆப்பின் வேலை. ஸ்குரூவை இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்ப்பவர் கையிலிருந்து ஸ்குரூடிரைவரை வாங்கிவிடுங்கள்.

அடிப்பாகம் முழுக்க சிமென்ட் கலவையைக் கொட்டி அதன்மேல் பீஸை அமுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஆட்டம் உடனே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பிறகு எதற்காகவாவது கழற்ற வேண்டியிருந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சில கம்பெனிகள் சிமென்ட் வைத்தால் வாரன்டி இல்லை என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த அட்டையை முதலில் படியுங்கள்.

மெல்லிய கோடு தெரிகிறது

கோடுகளில் மூன்று ஜாதி உண்டு. கிளேஸில் மட்டும் ஓடும் சிலந்திவலை போன்ற நுண்கோடுகள் முதல் ஜாதி. இன்று ஒழுகாது, ஆனால் அழுக்கு பிடிக்கும், நாளாக ஆக மஞ்சளாகும். புதுப் பீஸில் இதை ஏற்கத் தேவையில்லை. இரண்டாவது, பீங்கான் உடம்பிலேயே ஓடும் விரிசல். மூன்றாவது வெறும் பேக்கிங் அழுக்கு, அட்டைப்பெட்டி உரசிய கறை. இதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவர்களும் உண்டு.

பிரித்தறிய சொட்டு நீலம் போதும். நாலு சொட்டு நீலத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, துணியால் அந்தக் கோட்டின்மேல் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, சோப்புத் துணியால் துடைத்துவிடுங்கள். அழுக்கு என்றால் நீலத்தோடு சேர்ந்து போய்விடும். விரிசல் என்றால் நீலக்கோடு அப்படியே நிற்கும். தடவுவதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் “நீங்கதான் மை தடவிக் கெடுத்துட்டீங்க” என்ற பேச்சு வரும்.

ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள். அடிப்பாகத்தின் உள்பக்கமும் தரையில் உட்காரும் விளிம்பும் கிளேஸ் இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். அங்கே நீலம் பிடிப்பது குறை ஆகாது.

விரிசல் என்று உறுதியானால் அது எப்போது விழுந்தது என்பதையும் பார்க்கலாம். கடையில் பேசும்போது இது உதவும். விரிசலின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள். ஓரம் மழுங்கி, கிளேஸ் உள்ளே இறங்கி உருண்டிருந்தால் அது சூளைக்குள் கிளேஸ் உருகுவதற்கு முன்பே விழுந்த விரிசல். கம்பெனிக் குறை என்பதில் சந்தேகமே இல்லை, யாரும் உங்கள் மேல் பழி போட முடியாது. ஓரம் கூர்மையாக, உள்ளே வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தால் சூடு தணியும்போதோ, லாரியிலோ, கடையிலோ, உங்கள் வீட்டிலோ விழுந்திருக்கலாம். இந்த வகைக்குத்தான் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைக்க வேண்டும்.

கருப்புப் புள்ளி, ஊசித்துளை, கொப்புளம் இவற்றுக்கு டார்ச்சைப் பரப்புக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். கிண்ணத்துக்குள், தண்ணீர் நிற்கும் இடத்தில் கொப்புளம் இருந்தால் மாற்றுங்கள். பின்பக்கம் சுவரைப் பார்த்த இடத்தில் ஒரு புள்ளி என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன்.

பைப்பும் அவுட்லெட்டும் நேராக வரவில்லை

இதில் பத்துக்கு ஒன்பது முறை பீஸ் பாவம்.

எஸ் டிராப் என்றால் அவுட்லெட் தரையை நோக்கி இறங்கும். சுவரிலிருந்து பைப்பின் நடுமையம் வரை 4 இன்ச், 9 இன்ச், 12 இன்ச் என்று மாடலுக்கு மாடல் மாறும். பி டிராப் என்றால் பின்சுவரை நோக்கிப் போகும். முடிந்த தரையிலிருந்து நடுமையம் பெரும்பாலும் 180 மி.மீ. உயரத்தில் வரும். இந்த அளவெல்லாம் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் எடுக்க வேண்டியவை. பிளம்பரோ செங்கல் சுவரிலிருந்து 9 இன்ச் பிடித்துப் பைப்பை நிறுத்திவிட்டுப் போயிருப்பார். அப்புறம் பூச்சு, அதன்மேல் கலவை, அதன்மேல் டைல்ஸ். ஒன்றேகால் இன்ச் விழுங்கப்பட்டுவிடும். இப்போது பீஸை வைத்தால் டேங்க் சுவரில் இடிக்கிறது. “பீஸ் அளவு தப்பா வந்திருக்கு சார்.”

பெட்டியிலோ அட்டையிலோ அளவுப்படம் இருக்கும். அதோடு பீஸை டேப் பிடித்துப் பாருங்கள். பீஸின் பின்விளிம்பிலிருந்து அவுட்லெட் நடுமையம் வரை படத்தில் சொன்னபடி இருந்தால் குற்றம் பைப்பில். அவுட்லெட்டின் நடு, அடிப்பாகத்தின் இடது வலது ஓரங்களிலிருந்து சமமாக இருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் அரை இன்ச்சுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தாலோ, அவுட்லெட் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தாலோ அது பீஸின் குறை. முட்டை வாயில், அவுட்லெட்டைப் பைப்போடு இணைக்கும் பேன் கனெக்டரின் ரப்பர் சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்காது, பிறகு நாற்றத்துக்கு அதுவே காரணமாகும்.

பைப்தான் தப்பு என்றால் வித்தியாசத்தைப் பொறுத்து வழி மாறும். கொஞ்சம்தான் என்றால் நடு விலகிய பேன் கனெக்டர் கடையில் கிடைக்கும், அதில் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் வேறு அளவு மாடலுக்கு மாற்றிக்கொள்வது தரையை உடைப்பதைவிட மலிவு. பெட்டி கிழியாமல், பீஸில் சிமென்ட் படாமல் இருந்தால் இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலான கடைகள் ஒத்துக்கொள்ளும். கிரைண்டர் வைத்து அவுட்லெட்டைக் கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வரும். கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஃப்ளஷ் செய்தால் போகவில்லை

புகார்களில் ராஜா இதுதான். நேரத்தை அதிகம் தின்பதும் இதுதான்.

6 லிட்டர் தண்ணீரை வாளியில் எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து கிண்ணத்தின் நடுவில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மளமளவென்று இழுத்துக்கொண்டு போனால் டிராப்பும் பைப்பும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டேங்கில். ஊற்றிய தண்ணீர் விளிம்புவரை ஏறி மெதுவாக இறங்கினால் டேங்கில் கைவைக்கவே வேண்டாம். அடைப்பு டிராப்பிலோ அதற்குப் பிறகான பைப்பிலோ இருக்கிறது.

டேங்க் பக்கம் என்றால் மூடியைத் திறந்து நீர்மட்டம் உள்ளே இருக்கும் கோட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள். மட்டம் குறைவாக இருந்தால் மிதவையைத் திருகி ஏற்றினால் சரி. டூயல் ஃப்ளஷ்ஷில் பெரிய பொத்தானும் சின்னப் பொத்தானும் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். முழு ஃப்ளஷ் என்று நினைத்து 3 லிட்டரை விட்டுக்கொண்டிருப்பீர்கள். டேங்கும் சரி, மட்டமும் சரி, ஆனால் விளிம்பைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வருகிறது என்றால், சின்னக் கண்ணாடியை விளிம்புக்கு அடியில் பிடித்து ஓட்டைகளைப் பாருங்கள். சில ஓட்டைகள் கிளேஸ் உருகி அடைந்துபோயிருக்கும். இது சுத்தமான கம்பெனிக் குறை. குச்சி வைத்துக் குத்தினால் வராது, குத்தவும் கூடாது.

வாளித் தண்ணீரும் போகவில்லை என்றால் டிராப்பையும் பைப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பீஸ் இன்னும் செங்கல் மேல் இருந்தால் வேலை சுலபம். அவுட்லெட்டில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பேக்கிங் தெர்மாகோலும் காகிதமும் டிராப்பின் வளைவில் மாட்டிக்கொண்டிருந்ததை நானே எடுத்திருக்கிறேன். அடுத்து, சின்ன எலுமிச்சம்பழம் ஒன்றைப் போட்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். மறுபக்கம் வந்து விழுந்தால் டிராப் திறந்திருக்கிறது. இரண்டு மூன்று முறை ஊற்றியும் வளைவிலேயே நின்றால் உள்ளே களிமண் பிசிறோ கிளேஸ் கட்டியோ துருத்திக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு, பீஸை மாற்றுங்கள். பொருத்திவிட்ட பீஸில் எலுமிச்சையைப் போட்டுப் பரிசோதித்துவிடாதீர்கள். பைப்பில் மாட்டினால் அது தனிக் கதை.

பீஸ் நன்றாக இருந்தால் மிஞ்சுவது பைப். ஒரு வீட்டில் மாடி பாத்ரூம் கம்மோட் போகவில்லை என்று பிளம்பர் சொல்ல, கடையில் சண்டை போட்டு வேறு பீஸ் வாங்கி வைத்தார்கள். அதுவும் போகவில்லை. மூன்றாவது பீஸுக்கு ஆட்டோ வைக்கும் நேரத்தில், பைப்பைத் திறந்து தரையோடு தரையாக டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டடி தள்ளி ஒரு சிமென்ட் சாக்கு உருட்டிச் செருகியிருந்தது. டைல்ஸ் வேலையின்போது கலவை விழாமல் இருக்கக் கொத்தனார் வைத்த அடைப்பு. நல்ல எண்ணத்தில் வைத்தார், எடுக்க மறந்துவிட்டார். அன்றிலிருந்து கம்மோட் இறக்குவதற்கு முன்னால் வெறும் பைப்பில் இரண்டு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றி, வெளியே கழிவுநீர் பைப் வந்து சேரும் சேம்பரில் அது வேகமாக வந்து விழுவதைக் கண்ணால் பார்க்காமல் நான் சரி சொல்வதில்லை.

தண்ணீர் போகிறது, ஆனால் “களக் களக்” என்று சத்தம் போட்டுக்கொண்டே போகிறது, தரைத் தண்ணீர் போகும் பக்கத்து நஹானி டிராப்பில் குமிழி வருகிறது என்றால் பைப்புக்கு மூச்சு இல்லை. காற்று வந்துபோகும் வென்ட் பைப் வைக்கவில்லை, அல்லது வைத்து வாயை மூடிவிட்டார்கள், அல்லது செப்டிக் டேங்கில் காற்று போக வழி இல்லை. பீஸை மாற்றி இதற்கு ஒன்றும் ஆகாது.

கிண்ணத்தில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் நிற்கிறது

பெரும்பாலும் கோளாறு இல்லை. நம் ஊரில் அதிகம் விற்பது, தண்ணீரின் வேகத்தில் தள்ளிவிடும் வாஷ்டவுன் வகை. அதில் நீர்ப்பரப்பு சின்னதாகத்தான் இருக்கும். ஹோட்டலில் பார்த்தது போல அகலமாக நிற்பது சைஃபானிக் வகை, அது வேறு மாடல். பார்க்க வேண்டியது அகலத்தை அல்ல, ஆழத்தை. கம்பியை ‘ட’ போல வளைத்து, டிராப்பின் உள்ளே தொங்கும் உதட்டின் அடியில் கொக்கி போல மாட்டி, அங்கிருந்து நீர்மட்டம் வரை அளந்தால் 50 மி.மீ.யாவது இருக்க வேண்டும். அந்த 50 மி.மீ. தண்ணீர்தான் செப்டிக் டேங்க் வாடையைத் தடுத்து நிறுத்துகிறது.

முதலில் சரியாக நின்று, காலையில் பார்த்தால் குறைந்திருக்கிறது என்றால் கதை வேறு. செங்கல் சோதனையில் இந்தப் பீஸ் தேறியதா? தேறியிருந்தால் குறை பைப்பில். வேறு பாத்ரூமில் ஃப்ளஷ் செய்யச் சொல்லி இந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். தண்ணீர் அலைந்து கீழே இழுபட்டால் மறுபடியும் வென்ட் இல்லாத கோளாறுதான். அந்தச் சோதனை செய்யாத பீஸில், யாரும் எதையும் பயன்படுத்தாமலே சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் டிராப்பின் உட்சுவரில் விரிசல் இருக்கலாம். அந்தத் தண்ணீர் தரைக்கு வராமல் நேராக பைப்புக்குள்ளேயே போய்விடுவதால் ஈரம் கூடத் தெரியாது. செங்கல் சோதனையைத் தவறவிட்டவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்தக் குறைதான்.

டேங்க் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது

டேங்கில் சொட்டு நீலம் விட்டு, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் அரைமணி நேரம் விடுங்கள். அதற்கு முன் நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்கு ஒரு இன்ச்சாவது கீழே நிற்கிறதா என்று பாருங்கள். வாய்வரை ஏறி உள்ளே வழிந்துகொண்டிருந்தால் மிதவையை இறக்கினால் போதும். மட்டம் சரியாக இருந்தும் கிண்ணத்தில் நீலம் வந்தால் அடியில் இருக்கும் வாஷர் சரியாக உட்காரவில்லை.

வாஷரைக் குறை சொல்லும் முன் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். ஓட்டம் நின்றுவிட்டதா? அப்படியானால் பொத்தானின் அடிக்கம்பி நீளமாக இருந்து வால்வை எப்போதும் லேசாக அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பியைத் திருகிக் குட்டையாக்கினால் முடிந்தது. புது டேங்க்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இதற்காக முழு செட்டையும் மாற்றச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மிதவை எவ்வளவு இறக்கினாலும் தண்ணீர் உள்ளே வருவது நிற்கவில்லை என்றால் இன்லெட் வால்வில் மணல். போர் தண்ணீர் மணலும், பைப் அறுத்த பிளாஸ்டிக் தூளும் புது லைனில் நிறைய இருக்கும். டேங்குக்குத் தண்ணீர் விடும் சுவர்க் குழாயான ஆங்கிள் வால்வை மூடி, கனெக்‌ஷன் ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு, வால்வை முழுக்கத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலையையும் கழுவி மாட்டுங்கள். டேங்க் நிரம்ப ரொம்ப நேரம் ஆகிறது என்ற புகாருக்கும் முதல் மருந்து இதுதான். வலை சுத்தமாக இருந்தும் மெதுவாக வந்தால் மேல்தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். கம்மோட்டுக்கு மேலே 2, 3 மீட்டரில் தொட்டி இருக்கும் மேல்மாடியில் அதில் கால்வாசியை ஒட்டித்தான் கிடைக்கும். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் வால்வு கேட்டு வாங்க வேண்டும்.

அடியில் ஈரம்

தரையில் தண்ணீரைப் பார்த்ததும் பீஸ் ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாவற்றையும் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, டிஷ்யூ பேப்பரை மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒற்றிப் பாருங்கள். ஆங்கிள் வால்வு, ஹோஸின் இரண்டு முனை, ஹெல்த் ஃபாஸெட், டேங்க் போல்ட், டேங்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் உள்ள ரப்பர் என்று அந்த வரிசையில். எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. தண்ணீர் கீழே ஓடி வந்து வேறு இடத்தில் சொட்டும் என்பதால் கீழிருந்து தேடினால் ஏமாந்துபோவோம்.

டேங்க் தனி, கிண்ணம் தனி என்ற மாடலில் போல்ட் பக்கம் சொட்டினால், ரப்பர் வாஷர் டேங்கின் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் வெளியே மாட்டியிருப்பார்கள். வாஷர் சரியான இடத்தில் இருந்தும் சொட்டினால், இன்னும் இறுக்குவதற்கு முன் டேங்கைக் கழற்றி போல்ட் துளையைச் சுற்றி நீலம் தடவுங்கள். துளையிலிருந்து முடி போல விரிசல் கிளம்பியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, விரிசல்தான் நீளும்.

மேலே எல்லாம் உலர்ந்திருக்கிறது, ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் அடியில் ஈரம் வருகிறது என்றால் பேன் கனெக்டரின் ரப்பர் மடிந்திருக்கிறது. ஈரமே இல்லாமல் வாடை மட்டும் வந்தால் மின்விசிறியையும் ஜன்னலையும் மூடிவிட்டு, ஊதுபத்தியை அடிப்பாகத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் எந்த இடத்தில் சாய்கிறதோ அந்த இடத்தில் காற்று வந்துபோகிறது.

சீட் கவர் சரியாக உட்காரவில்லை

போல்ட்டின் இடைவெளி பெரும்பாலான கவர்களில் கொஞ்சம் நகர்த்தும்படி இருக்கும். நகர்த்தியும் கோணலாக இருந்தால் வேறு மாடல் கவரைப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். கடையில் இதை மறுபேச்சில்லாமல் மாற்றுவார்கள்.

கடையில் பேசுவது

பீஸில்தான் குறை என்று சோதனை சொல்லிவிட்டால் பிளம்பரை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். பில், பெட்டியில் ஒட்டிய லேபிள், பீஸின் மேலே முத்திரையாக இருக்கும் ஐ.எஸ். 2556 குறியின் படம், செங்கல் மேல் வைத்த வீடியோ, நீலக்கோட்டின் போட்டோ இவ்வளவும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கிவிடும். பில்லில் ‘செகண்ட்ஸ்’, அதாவது இரண்டாம் தரம் என்று எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். தள்ளுபடி விலை என்ற பெயரில் அதைத் தள்ளிவிடுவதுண்டு. அப்படி எழுதியிருந்தால் கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்குச் சண்டை போட முடியாது.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுவார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் கணக்கு. அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஒரு கம்மோட்டுக்காக அதுவரை போனவர்களை நான் பார்த்ததில்லை. 1915 என்ற எண்ணைச் சொன்னதும் குடோனிலிருந்து வேறு பீஸ் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கனவே சிமென்ட் வைத்தாகிவிட்டது என்றால்

வைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது. ஒயிட் சிமென்ட் முழுசாக இறுகுவதற்குள், பழைய ஹேக்ஸா பிளேடை அடிவிளிம்பின் கீழே நுழைத்துச் சுற்றிலும் அறுத்து, ஸ்குரூவைக் கழற்றி, நெம்பாமல் இரண்டு பேர் நேராக மேலே தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் டிராப்பில் இருக்கும் தண்ணீரைக் கப்பால் மொண்டு, மீதியைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் சிமென்ட்டை ஈரத்துணி சுற்றி ஊறவைத்து மரக்குச்சியால் சுரண்டினால் பெரும்பகுதி வந்துவிடும். ஆசிட் ஊற்றாதீர்கள், பக்கத்து டைல்ஸின் பளபளப்பு போய்விடும். பைப் வாயைத் துணியால் அடைத்து, அந்தத் துணியில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை ஆங்கிள் வால்வில் முடிந்து வையுங்கள். புதுப் பீஸ் வரும்வரை அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.